எம்பவர் செயலி: பார்கின்சனைக் கைபேசியால் அளந்தபோது எது நின்றது, எது நிற்கவில்லை

பார்கின்சன் நோயாளியை நரம்பியல் மருத்துவர் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்கிறார். அந்த நேரத்தில் கை எப்படி நடுங்குகிறதோ, கால் எப்படி எழும்புகிறதோ அதுதான் குறிப்பேட்டில் ஏறும். ஆனால் இது மணிக்கு மணி மாறுகிற நோய். காலை மாத்திரைக்கு முன் சட்டைப் பித்தான் போட முடியாதவர், ஒரு மணி நேரம் கழித்துச் செய்தித்தாளைத் தானே மடித்து வைப்பார். பதினொரு மணிக்கு மறுபடி நாற்காலியிலிருந்து எழத் தடுமாறுவார். மருத்துவமனைக்குப் போகிற நாளில் மாத்திரையை நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களுடைய நாளின் ஆகச் சிறந்த ஒரு மணி நேரம் மட்டுமே மருத்துவரின் கண்ணில் படுகிறது.

மீதி நேரத்தை யார் அளப்பது? இந்தக் கேள்வியோடு பெரிய அளவில் களமிறங்கிய முதல் கைபேசி ஆய்வுகளில் ஒன்று எம்பவர். அது சேகரித்த தரவு இன்றும் ஆய்வாளர்கள் கையில் புழங்குகிறது. எங்கே வென்றது, எங்கே சறுக்கியது என்பதெல்லாம் அச்சிலேயே கிடைப்பதால், நரம்பு நோய்களுக்குச் செயலி எழுத நினைப்பவரும் அதைப் பயன்படுத்த நினைக்கும் குடும்பமும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு இது.

பின்னணி

2015 மார்ச் 9 அன்று ஆப்பிள் நிறுவனம் ரிசர்ச்கிட் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பை அறிவித்தது. கூடவே ஐந்து மருத்துவ ஆய்வுச் செயலிகள் வெளியாயின. அவற்றில் பார்கின்சனுக்கானது எம்பவர். சியாட்டிலில் உள்ள சேஜ் பயோநெட்வொர்க்ஸ் என்ற லாபநோக்கற்ற ஆய்வு நிறுவனம் அதை உருவாக்கியது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை நிதி தந்தது. 18 வயது நிரம்பியவர், அமெரிக்காவில் வசிப்பவர், ஐபோன் வைத்திருப்பவர் யாரும் சேரலாம். நோய் இல்லாதவரும் ஒப்பீட்டுக்காக வரவேற்கப்பட்டார். மருத்துவச் சான்று எதுவும் கேட்கப்படவில்லை. தனக்குப் பார்கின்சன் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று பங்கேற்பவரே குறித்தால் போதும். இந்த எளிமை ஆட்களைக் கூட்டியது. பின்னால் வந்த சிக்கல்களில் சிலவற்றுக்கும் இதுவே காரணம்.

ஒப்புதல் வாங்கிய முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நன்றாகச் செய்யப்பட்ட வேலை. வழக்கமான ஆய்வில் பக்கம் பக்கமாகத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே படங்களோடு சிறு சிறு திரைகளாக விஷயம் சொல்லப்பட்டது. அதன்பின் புரிந்ததா என்று ஒரு சிறு தேர்வு. அதில் தேறினால்தான் கையொப்பத் திரை வரும். தரவை இந்த ஆய்வுக் குழுவோடு மட்டும் பகிர்வதா, உலகெங்கும் உள்ள தகுதியான ஆய்வாளர்களோடும் பகிர்வதா என்ற கேள்விக்கு எந்தப் பதிலும் முன்கூட்டியே தேர்ந்து வைக்கப்படவில்லை. இரண்டில் ஒன்றை அவரவரே தொட்டாக வேண்டும். இருப்பிடத் தரவில் எந்த இடம் என்பது பதிவாகாது, எவ்வளவு தூரம் நகர்ந்தார் என்பது மட்டும் பதிவாகும். நம்மூர்ச் செயலிகளில் எல்லா அனுமதியும் ஏற்கெனவே டிக் போடப்பட்டு, "ஒப்புக்கொள்கிறேன்" என்ற ஒரே பொத்தானோடு வருவதைப் பார்க்கும்போது, இந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

செயலி என்ன கேட்டது

நான்கு சோதனைகள்: விரல் தட்டல், குரல், நடை, நினைவு. ஒரு நாளைக்கு மூன்று முறை வரை செய்யச் சொன்னது. இவற்றோடு வயது, நோய் விவரம் கேட்கும் படிவமும், அன்றாட வாழ்க்கையை நோய் எவ்வளவு பாதிக்கிறது என்று எட்டே கேள்வியில் அளக்கும் பி.டி.க்யூ-8 படிவமும், மருத்துவர்கள் பயன்படுத்தும் எம்.டி.எஸ்-யூ.பி.டி.ஆர்.எஸ் அளவுகோலிலிருந்து எடுத்த சில கேள்விகளும் இருந்தன.

விரல் தட்டலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கைபேசியை மேசைமேல் கிடத்தி, ஒரே கையின் இரண்டு விரல்களால் திரையில் தெரியும் இரண்டு இடங்களை மாறி மாறி 20 நொடி தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டும் எந்தக் கணத்தில், திரையில் எந்தப் புள்ளியில் விழுந்தது என்று பதிவாகும். 20 நொடியில் 100 தட்டு என்றால் சராசரி இடைவெளி 0.2 நொடி. பலரும் இந்த எண்ணிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நோயின் முக்கிய அடையாளமே கை நழுவிவிடும். பார்கின்சனில் விரல் வெறுமனே மெதுவாவதில்லை. தொடங்கும்போது ஓரளவு வேகமாக இருந்து, போகப்போகத் தளர்ந்து, நடுவில் தடைபட்டு நிற்கும். ஆகவே 20 நொடியை ஐந்து ஐந்து நொடியாக நான்காகப் பிரிக்க வேண்டும். ஒருவருக்கு 25, 25, 25, 25 என்று வருகிறது. இன்னொருவருக்கு 32, 27, 23, 18 என்று வருகிறது. கூட்டினால் இருவருக்கும் 100 தான். இரண்டாமவரின் வரிசையில்தான் மருத்துவருக்குச் செய்தி இருக்கிறது. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன, தட்டு இலக்கைவிட்டு எவ்வளவு விலகி விழுகிறது என்பவையும் அதே பதிவிலிருந்து கிடைக்கும்.

மருத்துவர் அறையில் செய்யும் தட்டல் வேறு. எம்.டி.எஸ்-யூ.பி.டி.ஆர்.எஸ் முறைப்படி ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலில் பத்து முறை, முடிந்த அளவு வேகமாகவும் அகலமாக விரித்தும் தட்டச் சொல்லி, 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். விரல் விரியும் அகலம் படிப்படியாகச் சுருங்குகிறதா என்பதை அங்கே கண் பார்க்கிறது. கைபேசித் திரைக்கு அது தெரியவே தெரியாது. விரல் தொட்டதும் விட்டதும் மட்டுமே அதற்குத் தெரியும். செயலியின் எண்ணையும் மருத்துவர் மதிப்பெண்ணையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

குரல் சோதனையில் "ஆ" என்று ஒரே சீராகப் பத்து நொடி சொல்ல வேண்டும். அதற்கு முன் சில நொடி சுற்றுப்புற ஓசையைக் கேட்டு, சத்தம் அதிகமாக இருந்தால் அமைதியான இடத்துக்குப் போகச் சொல்லும். பார்கின்சனில் குரல் தணிந்து, காற்றுக் கலந்து, சுருதி நிலையில்லாமல் அலைவதுண்டு. ஓர் உயிரெழுத்தை மட்டும் கேட்பதில் இரண்டு நன்மை. எந்த மொழிக்காரரும் செய்யலாம். பேசிய சொல் எதுவும் பதிவில் சிக்காததால் அந்தரங்கமும் ஓரளவு காக்கப்படும்.

நடைக்கு, கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு நேர்கோட்டில் 20 எட்டு நடந்து, திரும்பி, அதே தூரம் வந்து, 30 நொடி அசையாமல் நிற்க வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் அசைவு உணரிகளான முடுக்கமானியும் சுழல்மானியும் நொடிக்கு 100 முறை படிக்கும். பார்கின்சனின் ஓய்வு நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 அலைவு. நடை நொடிக்கு ஏறக்குறைய இரண்டு எட்டு. இரண்டையும் பிடிக்க 100 தாராளம். ஆனால் கால்சட்டைப் பையில் கிடக்கும் கைபேசிக்குக் கையின் நடுக்கம் சரியாகப் போய்ச் சேராது. நின்ற நிலையில் அது பிடிப்பது பெரும்பாலும் உடலின் ஊசலைத்தான். நடுக்கத்தை அளக்க வேண்டுமென்றால் கைபேசியைக் கையில் பிடிக்க வேண்டும், இல்லையேல் மணிக்கட்டில் கருவி வேண்டும்.

நினைவுச் சோதனையில் கட்டங்களில் மலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். அதே வரிசையில் தொட வேண்டும். பின்னால் நடந்த அலசல்களில் மற்ற மூன்றுக்கும் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை.

சோதனைக்குள் நுழையுமுன் நோயாளியிடம் ஒரு கேள்வி வரும்: இப்போது மாத்திரை போடப்போகிறீர்களா, போட்டு நன்றாக இருக்கும் நேரமா, அல்லது வேறு ஏதோ நேரமா? ஒரு நொடியில் தாண்டிவிடக்கூடிய திரை. எம்பவர் தரவில் மருத்துவப் பயன் என்று எது தேறியதோ, அது பெரும்பாலும் இந்தத் திரையைச் சார்ந்தே தேறியது.

யார் வந்தார்கள், யார் நின்றார்கள்

முதல் ஆறு மாதத்தில் 48,104 பேர் செயலியை இறக்கினார்கள். தரவை உலக ஆய்வாளர்களோடு பகிரச் சம்மதித்தவர்கள் 9,520 பேர். அவர்களில் 8,320 பேர் ஏதாவது ஒரு படிவத்தையோ சோதனையையோ முடித்தார்கள். வயது முதலான விவரப் படிவத்தை நிரப்பியவர்கள் 6,805 பேர். அதில் தமக்குப் பார்கின்சன் என்று சொன்னவர்கள் 1,087, இல்லையென்றவர்கள் 5,581, பதில் சொல்லாதவர்கள் 137. 2016 மார்ச்சில் இந்தத் தரவு சைனாப்ஸ் என்ற தளம் வழியாகப் பொதுவில் வைக்கப்பட்டது. எடுக்க விரும்புகிறவர் தன் அடையாளத்தை உறுதிசெய்து, ஒரு சிறு தேர்வில் தேறி, எதற்காகப் பயன்படுத்தப் போகிறார் என்பதை எல்லோரும் பார்க்க எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் ஒரே ஆய்வில் சேர்ந்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்த 8,320 பேரில் குறைந்தது ஐந்து தனித்தனி நாட்களாவது பங்களித்தவர்கள் 898 பேர் மட்டுமே. நாளுக்கு மூன்று முறை, பல மாதம் என்று திட்டமிட்ட ஓர் ஆய்வில் இது மிகக் குறைவு.

ஏன் விட்டார்கள்? தட்டலுக்கு 20 நொடி, குரலுக்கு 10 நொடி என்று தனித்தனியாகப் பார்த்தால் சுமை தெரியாது. வழிகாட்டுத் திரைகள், இடம் தேடுவது, நடந்து திரும்புவது, நிற்பது எல்லாம் சேர்ந்தால் ஒவ்வோர் அமர்வும் சில நிமிடம் பிடிக்கும். அதை நாளுக்கு மூன்று தரம் கேட்டால், விரல் ஒத்துழைக்காத ஒருவருக்குத் தன் இயலாமையை மூன்று தரம் பார்க்கிற வேலையாகிவிடும். பதிலுக்குக் கிடைத்ததும் குறைவு. வரைபடம் வரும், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவருடைய மருத்துவர் எதையும் மாற்றப்போவதில்லை.

2020இல் எம்பவர் உட்பட எட்டுக் கைபேசி ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பங்கேற்பாளர்களை, ஒன்றாக வைத்து அலசினார்கள். ஒருவர் ஆய்வில் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 5.5 நாள். நோய் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட நான்கு நாள் கூடுதலாக நின்றார்கள். பணம் கொடுத்தால் 22 நாள் கூடியது. தன் மருத்துவர் சொல்லிச் சேர்ந்தவர்களிடம் 40 நாள் கூடியது! நினைவூட்டல் மணியும், பதக்கமும், வண்ணத் திரையும் செய்யாததை மருத்துவரின் ஒரு வார்த்தை செய்திருக்கிறது. செயலிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, மருத்துவர் அறைக்குள் அந்த எண்கள் எப்படிப் போய்ச் சேரும் என்பதற்கு ஒதுக்காதவர்கள் தோற்பார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

"பார்கின்சனைக் கண்டுபிடித்துவிடும்" என்ற கணிப்பில் விழுந்த ஓட்டை

தரவு வெளியானதும் உலகெங்கும் பலர் ஒரே வேலையைத் தொடங்கினார்கள்: இந்தப் பதிவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று பிரிக்கச் சொல்வது. மிக உயர்ந்த துல்லியங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் பல இரண்டு இடங்களில் உடைந்தன.

முதலாவது, ஆளடையாளக் கலப்பு. ஒரே ஆள் ஐம்பது முறை தட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருடைய பதிவுகளையும் ஒன்றாகக் கலைத்து, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் ஒரு பகுதியைச் சோதனைக்கும் பிரித்தால், அந்த ஆளின் முப்பது பதிவு பயிற்சியிலும் இருபது சோதனையிலும் விழும். ஒவ்வொருவர் தட்டலுக்கும் ஒரு தனிச் சாயல் உண்டு. கணினி அந்தச் சாயலைப் பிடித்துக்கொள்கிறது. சோதனையில் அதே சாயல் வந்ததும் "இவர் அந்த நோயாளி" என்று சரியாகச் சொல்லிவிடுகிறது. அது நோயை அறிந்துகொள்ளவில்லை, ஆளை அடையாளம் கண்டுவிட்டது. புதிதாக ஒருவர் வந்தால் இந்தத் திறமை செல்லாது. சேஜ் குழுவினரே 2019இல் இதைத் தெளிவாக அலசி வெளியிட்டார்கள். செய்ய வேண்டியது, பதிவுகளைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரிப்பது: ஒரு ஆளின் எல்லாப் பதிவும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். பார்கின்சனுக்கு மட்டும் உரிய பாடமல்ல இது. ஒருவரிடமிருந்து பல பதிவு வாங்கும் வலிப்பு, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் ஆய்வுகளுக்கும் அப்படியே பொருந்தும். "98 விழுக்காடு துல்லியம்" என்று ஒரு கட்டுரை சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது தரவை எப்படிப் பிரித்தார்கள் என்பதைத்தான்.

இரண்டாவது, வயது. புதிய ஐபோனில் புதிய செயலி என்றதும் ஆர்வத்தில் சேர்ந்த நோயற்றவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். நோயாளிகளோ மூத்தவர்கள். வேகமாகத் தட்டுகிறவர் நோயற்றவர் என்று கணினி கற்றுக்கொண்டால், அது பாதி வயதைத்தான் கற்றிருக்கிறது. வயது ஒத்துப்போகிறவர்களை மட்டும் ஒப்பிட்டால் அந்தத் துல்லியம் சரியும்.

இவற்றையெல்லாம் திருத்திவிட்டாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. எம்பவரில் தம்மை நோயாளி என்று சொன்னவர்கள் ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்கள். பலர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவர்களை வைத்துக் கற்ற கணினி, "எனக்கு இருக்குமோ?" என்ற அச்சத்தோடு வரும் ஐம்பது வயதுக்காரருக்கு என்ன சொல்ல முடியும்? கை நடுங்க வேறு காரணங்கள் எத்தனையோ: பெரும்பாலும் பரம்பரையாக வரும் எசென்ஷியல் டிரெமர் என்ற நடுக்க நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, சில மருந்துகளின் பக்கவிளைவு. கைபேசியில் தட்டிப் பார்த்துப் பார்கின்சன் என்றோ இல்லையென்றோ யாரும் முடிவுக்கு வர வேண்டாம். நரம்பியல் மருத்துவரின் கை வைத்த பரிசோதனைக்கு இது மாற்று அல்ல.

மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின்

எம்பவர் உண்மையில் பயன்பட்டது வேறிடத்தில். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அவரை அவரோடே ஒப்பிட்டால், வயதும் கைவாகும் ஆளின் சாயலும் தாமாகக் கழிந்துவிடும். மிஞ்சுவது நேரமும் மருந்தும். மாத்திரைக்கு முன் செய்த தட்டல்களை ஒரு குவியலாகவும், பின் செய்தவற்றை ஒரு குவியலாகவும் வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தபோது, சிலருக்கு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதை அளவுகோலின் பிழை என்று தள்ளக் கூடாது. மருந்து அந்த அளவில் வேலை செய்யாமல் இருக்கலாம். அவருடைய முக்கியத் தொல்லை விரலில் இல்லாமல் காலிலோ குரலிலோ இருக்கலாம்.

இங்கும் ஒரு பொறி உண்டு. "மாத்திரைக்கு முன்" சோதனைகள் பெரும்பாலும் விடியலில், தூங்கி எழுந்த மந்தத்தில் நடக்கும். "பின்" சோதனைகள் பொழுது ஏறியபின். அப்போது தெரியும் முன்னேற்றம் மருந்தாலா, பொழுதாலா? அந்த ஆளிடம் மதிய மாத்திரைக்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவும் இருந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பழக்கமும் சேர்ந்துகொள்ளும். முதல் சில அமர்வுகளில் யாருக்கும் தட்டல் எண்ணிக்கை ஏறும், அது விளையாட்டுப் பழகுவதால் வருவது. அவற்றைக் கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

இதே வழியில் நடந்த இன்னோர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஹாப்கின்ஸ்பிடி என்ற ஆண்ட்ராய்டு செயலி குரல், தட்டல், நடை, சமநிலை, எதிர்வினை நேரம் என்ற ஐந்து சோதனையிலிருந்து 0 முதல் 100 வரை ஒரே மதிப்பெண்ணைக் கணக்கிட்டது. 129 பேர் செய்த 6,148 அளவீடுகளை வைத்து உருவான அந்த முறை 2018இல் வெளியானது. ஒரே நாளுக்குள் நோயாளியின் மதிப்பெண் சராசரியாக 13.9 புள்ளி ஏறி இறங்கியது; மருந்துக்குப் பின் சராசரியாக 16.3 புள்ளி மேம்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் பத்து நிமிடத்தில் தவறிப்போவது எவ்வளவு என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

வீட்டில் எங்கே பிசகும்

அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் எழுதிய சோதனை நம் வீட்டுக்கு வரும்போது மாறும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நடைச் சோதனைக்கு 20 எட்டு என்றால் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு மீட்டர் நேர்வழி. பல வீடுகளில் கூடத்திலிருந்து சமையலறை வரைகூட அவ்வளவு இருக்காது. நடுவில் திரும்பித் திரும்பி நடந்தால் அது திரும்பல் சோதனையாகிவிடும். பார்கின்சனில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்பதும் விழுவதும் திரும்பும்போதுதான் அதிகம். அடுக்குமாடியின் பொது நடைபாதையோ மொட்டைமாடியோ பரவாயில்லை, ஆனால் ஒருவர் கை எட்டும் தூரத்தில் கூடவே நடக்க வேண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. ஒரு நாள் செருப்போடும் ஒரு நாள் வெறுங்காலோடும் நடந்தால் ஒப்பீடு கெடும்.

புடவை கட்டுகிறவருக்கும் வேட்டி கட்டுகிறவருக்கும் பை இல்லை. இடுப்பில் செருகினால் கைபேசி சரியும், ஜோல்னாப் பையில் போட்டால் அது தனியே ஆடும். இடுப்பில் இறுக்கிக் கட்டும் சிறு பட்டைப் பை வாங்கி, எப்போதும் முதுகின் கீழ்ப்புறம் நடுவில் வருமாறு கட்டுங்கள். கைபேசி தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதைச் செயலி எழுதுபவர் கணக்கில் திருத்திக்கொள்ளலாம். தளர்ந்து ஆடுவதைத் திருத்த முடியாது.

தட்டலில் விரல் ஈரமாகவோ எண்ணெய்ப் பசையோடோ இருந்தால் திரை சில தட்டுகளை விழுங்கும். வறண்ட விரலுக்கும் தடித்த திரைக்காப்புக் கண்ணாடிக்கும் அதே கதி. நடுக்கத்தால் ஒரு தட்டு இரண்டாகப் பதிவாவதும் உண்டு. மிகக் குறுகிய இடைவெளியில் அதே பக்கத்தில் விழும் இரண்டாவது தட்டைக் கணக்கிலிருந்து நீக்காவிட்டால், நடுக்கம் கூடும் நாளில் "வேகம் கூடியது" என்று தப்பாக வரும். இரண்டு கையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பார்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கி, அந்தப் பக்கத்திலேயே தூக்கலாக நிற்கும். எந்தக் கை என்று எழுதாத பதிவால் பயனில்லை.

குரலுக்கு மின்விசிறியும் மிக்சியும் தெருச் சத்தமும் எதிரி. கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, எப்போதும் அதே தூரத்தில் வைக்க வேண்டும். தூரம் மாறினால் குரல் தணிந்ததா கைபேசி தள்ளிப்போனதா என்று தெரியாது. சளி பிடித்த வாரத்துக் குரல் பதிவை விட்டுவிடலாம்.

ஆண்ட்ராய்டில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். உணரிகள் கேட்ட வேகத்தில் சீராகத் தராது. நொடிக்கு 100 கேட்டால் மலிவான கைபேசி சில நேரம் 50 தரும், பின்னணிச் செயலிகள் ஓடினால் இடையில் விடுபடும். ஒவ்வொரு வாசிப்போடும் வரும் நேர முத்திரையைச் சேமித்து, அதை வைத்துச் சீரான இடைவெளிக்கு மாற்றிய பிறகே அலைவெண் கணக்குக்குப் போக வேண்டும். இல்லாத நடுக்கம் இருப்பதாகவும், இருக்கும் நடுக்கம் வேறு அலைவெண்ணிலும் தெரிவது இங்கேதான்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஏழு நாள்

ஆண்டு முழுக்க நாளுக்கு மூன்று முறை என்பது நடக்காத காரியம் என்று எம்பவர் காட்டிவிட்டது. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஏழு நாள் என்பது நடக்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் சும்மா பழகிக்கொள்ள வைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லி, கொண்டுவந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுவது முக்கியம்.

இந்த ஏழு நாளும் தட்டல் ஒன்றே போதும். நாளில் நான்கு நேரம்: காலை முதல் மாத்திரைக்குச் சற்று முன், போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மதிய மாத்திரைக்குச் சற்று முன், அதற்கு ஒரு மணி நேரம் கழித்து. ஒவ்வொரு நேரமும் இடது கை 20 நொடி, வலது கை 20 நொடி. அதே நாற்காலி, அதே மேசை. விரலைத் துடைத்துக்கொண்டு தொடங்குங்கள். சோதனைக்காக மாத்திரையைத் தள்ளிப்போடவோ விடவோ கூடாது. வழக்கமான வேளைக்குச் சற்று முன் செய்வதுதான் "முன்".

ஒரு மணி நேரம் என்பது ஏன்? பார்கின்சனின் முக்கிய மருந்தான லெவோடோபா பெரும்பாலானவர்களுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலையைத் தொடங்கும். துணை மருந்தான கார்பிடோபாவோடு சேர்ந்து போகும்போதும் இரத்தத்தில் அதன் அளவு ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நோய் முற்ற முற்ற மூளையில் அதைச் சேமித்து வைக்கும் திறன் குறைவதால், அடுத்த வேளைக்கு முன்பே பலன் இறங்கிவிடும். உணவின் புரதம் குடலிலும் மூளை வாசலிலும் லெவோடோபாவோடு போட்டியிடுவதால், மாத்திரையோடு முட்டையோ பருப்போ பாலோ சேர்ந்த வேளையில் பலன் தாமதமாகலாம். ஆகவே சாப்பாட்டு நேரமும், என்ன சாப்பாடு என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

மாத்திரையின் பெயரை எண்ணோடு எழுதுங்கள். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிண்டோபா 110 என்பதில் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மில்லிகிராம். சிண்டோபா ப்ளஸ் 125 இல் லெவோடோபா அதே 100, கார்பிடோபா 25. 275 இல் 250 உம் 25 உம். "சிண்டோபா ஒன்று" என்று மட்டும் எழுதினால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. முந்தைய மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்பதும் வேண்டும், ஏனென்றால் அவர் அறிய விரும்புவது பலன் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை.

எண்களோடு ஒரே ஒரு குறிப்பு கைப்பட எழுதலாம்: அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருந்தது. கட்டிப்போட்ட மாதிரி இருந்ததா, சரியாக இருந்ததா, அல்லது உடம்பு தானாக நெளிந்து ஆடியதா. மூன்றாவது மிக முக்கியம். மருந்து அதிகமாகும்போது வரும் அந்தத் தானியங்கு அசைவிலும் விரல் வேகமாகத் தட்டும். எண்ணை மட்டும் பார்த்தால் அது நல்ல நேரம் போலத் தோன்றும். மணிக்கட்டுக் கருவிகள் இந்த வேலையைச் சோதனையே இல்லாமல் செய்யத் தொடங்கியிருக்கின்றன. ரூன் லேப்ஸ் நிறுவனத்தின் ஸ்ட்ரைவ்பிடி செயலிக்கு, ஆப்பிள் கடிகாரம் வழியாக நடுக்கத்தையும் இந்த மிகையசைவையும் பதிவுசெய்ய 2022 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. கடிகாரம் வாங்க வசதியில்லாத வீட்டில் கூட இருப்பவரின் கண் அந்த வேலையைச் செய்யும்.

ஏழு நாள் முடிந்ததும் ஐம்பத்தாறு வரியையும் மருத்துவர் முன் நீட்ட வேண்டாம். கூடுதல் தொல்லை உள்ள கையை மட்டும் எடுத்து, நான்கு நேரத்துக்கும் ஏழு நாளின் நடு மதிப்பை எழுதுங்கள். ஏழு எண்ணை வரிசைப்படுத்தினால் நான்காவதாக வருவதே நடு மதிப்பு. ஒரு மோசமான நாள் சராசரியை இழுப்பதுபோல அதை இழுக்காது. காலையில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் எவ்வளவு ஏறியது, மதிய வேளைக்கு முன் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதே கேட்கப்பட வேண்டியது. காலை மாத்திரைக்குப் பின் ஏறிய எண் மதிய மாத்திரைக்கு முன் மறுபடி விடியற்கால அளவுக்கே விழுந்திருந்தால், வேளைகளுக்கு இடையிலான இடைவெளி நீளமாக இருக்கலாம். அதை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா என்பது அவர் முடிவு. மிச்ச வரிகளைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டலாம். மருந்து மாறினால், புது அளவு நிலைகொள்ள அவர் சொல்லும் காலம் கழித்து, அதே நாற்காலியில் இன்னோர் ஏழு நாள்.